வெட்டிவிட்டு விலகத் தெரிந்த தந்தையும் மகனும்

யாழ்ப்பாணத்தில் பூமரமும் பழமரமும் கத்தரிக்க நல்ல ஆள் தேடி அலைபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொக்குவில், கொண்டாவில், திருநெல்வேலி, நல்லூர்ப் பக்கங்களில் ஒரு தந்தையும் மகனும் வீடு வீடாகப் போய் இந்த வேலையைச் செய்கிறார்கள். கடை கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. இரண்டு சைக்கிள்களும் ஒரு சாக்குப் பையும்தான். என் வளவில் மல்லிகை, தேசி, செவ்வரத்தை, கறுத்தக் கொழும்பான் என்று எல்லாவற்றிலும் இவர்களுடைய கை பட்டிருக்கிறது. தயங்காமல் சிபாரிசு செய்கிறேன். வெட்டு சுத்தமாக இருக்கும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், வெட்டி முடித்த பிறகு செடியை விட்டு விலகி நிற்க இவர்களுக்குத் தெரியும். இந்த இரண்டாவது குணத்துக்காகவே கூடுதலாகக் காசு கொடுக்கலாம் என்பது என் எண்ணம். உயர்தர வகுப்பில் நெடுங்காலம் உயிரியல் கற்பித்தவள் நான். காரணம் சொல்லாமல் சிபாரிசு மட்டும் செய்ய மனம் வராது. ஆகவே கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் வேலையைச் சொல்கிறேன். வெயில் ஏறுவதற்கு முன்பே வந்துவிடுவார்கள். ஐயா வந்ததும் கத்தரிக்கோலை எடுப்பதில்லை. செடியை ஒருமுறை சுற்றி வருவார், அடிமரத்தைக் கையால் தடவுவார், காய்ந்தது போலத் தெரியும் கொப்பை நகத்தால் சுரண்டி உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்ப்பார். தம்பி அந்த நேரத்தில் முற்றத்துப் படியில் இருந்து அலகைக் கல்லில் தீட்டிக்கொண்டிருப்பார். இவர்களிடம் இருப்பது இரண்டு அலகுகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கடந்து போகும் வகைக் கத்தரிக்கோல். ஒற்றை அலகு தட்டையான தகட்டின் மேல் வந்து அழுத்தும் இன்னொரு வகையும் கடைகளில் கிடைக்கிறது. அது காய்ந்த கொப்புக்குச் சரி. பச்சைக் கொப்பை நசுக்கிவிடும். ஒரு செடி முடிந்து அடுத்த செடிக்குப் போகும்போது அலகை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்கிறார்கள். நோய் ஒரு செடியிலிருந்து மற்றதற்குப் போவதை இந்தச் சிறிய பழக்கம் பெரும்பாலும் தடுத்துவிடும். காசு வாங்கிக்கொண்டு மரம் வெட்ட வரும் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வெட்டு கணுவுக்குச் சற்று மேலே விழும். மொட்டு இருக்கும் பக்கம் உயர்ந்து, எதிர்ப்பக்கம் சரிந்து இறங்கும். மழைத்தண்ணீர் மொட்டில் தங்காமல் வழிந்துவிடும். கிணற்றடி மல்லிகையை முழங்கால் உயரத்துக்குக் குறைத்த அன்று, ஒரு வெட்டைக் கைவில்லையால் பார்த்தேன். பட்டைக்குக் கீழே மெல்லிய பச்சை வளையம் அறுபடாமல் முழு வட்டமாக இருந்தது. அதற்குள் வெளிர் மரம், நடுவில் பஞ்சு போன்ற மையம். விளிம்பில் ஒரு நார்கூடத் தொங்கவில்லை. பட்டை எங்கும் மரத்தை விட்டுக் கிளம்பவில்லை. அடுத்த நாள் முகப்பு மட்டும் இளம் பழுப்பாகக் காய்ந்திருந்தது; கீழே பச்சை அப்படியே இருந்தது. அதே கிழமை எங்கள் ஒழுங்கையில் வேறோர் ஆள் இயந்திரத்தால் வெட்டிய செவ்வரத்தை வேலியையும் பார்த்தேன். கொப்பு நுனிகள் பிய்ந்து நாராகத் தொங்கின. பட்டை ஒரு விரல் நீளத்துக்கு உரிந்து, பழுப்பு நிறம் அடுத்த கணு வரைக்கும் இறங்கியிருந்தது. நசுங்கிய இழையம் எவ்வளவு கூடுகிறதோ, செடிக்குக் கிடைக்கும் அபாயச் செய்தியும் அவ்வளவு கூடுகிறது.

அந்தச் செய்தி என்ன என்பதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

கத்தி பட்ட சில நிமிடங்களிலேயே செடிக்குள் ஓர் ஓமோன் உருவாகிவிடுகிறது. பச்சையவுருமணிகளின் மென்சவ்வில் இருக்கும் லினோலெனிக் அமிலம் என்ற கொழுப்பமிலம்தான் மூலப்பொருள். நொதியங்கள் அதைப் படிப்படியாக மாற்றி, இடையில் பெரொக்சிசோம் என்ற புன்னங்கத்துக்கு அனுப்பி, ஜஸ்மோனிக் அமிலமாக்குகின்றன. இறுதியில் ஐசோலியூசின் என்ற அமினோ அமிலம் அதனுடன் கோக்கப்படுகிறது. அந்தச் சேர்க்கைதான் உண்மையில் வேலை செய்யும் ஓமோன். ஜஸ்மோனேற்று என்று அழைக்கப்படும் இந்தக் குடும்பத்தின் முதல் உறுப்பு 1962 இல் மல்லிகை இனப் பூவொன்றின் எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அப்போது அதை வாசனைப் பொருளாக மட்டுமே பார்த்தார்கள். நாம் தலையில் சூடும் பூவின் மணத்திலும் காயத்துக்குச் செடி எழுப்பும் குரலிலும் ஒரே குடும்பத்துச் சேர்மங்கள் இருக்கின்றன என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெளிவாகியது.

காயம் பட்ட இலை மட்டும் இதை அறிவதில்லை. குழாய்களால் இணைந்திருக்கும் தொலைவிலுள்ள இலைக்கும் சில நிமிடங்களில் செய்தி போய்விடுகிறது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடொப்சிஸ் என்ற சிறுசெடியில் 2018 இல் இதைப் படமெடுத்தே காட்டினார்கள்: புழு கடித்த இடத்திலிருந்து கல்சியம் அலையொன்று விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வேகத்தில் மற்ற இலைகளுக்குப் பரவுகிறது. நரம்பு இல்லாத உயிரில் இந்த வேகம். வகுப்பில் இருந்திருந்தால் அந்தக் காட்சியைக் காட்டாமல் விட்டிருக்க மாட்டேன்.

ஓமோன் வந்ததும் கலத்தின் கருவில் என்ன நடக்கிறது? அமைதியான நாட்களில் ஜாஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அடக்கிப் புரதங்கள் மிக்2 என்ற தலைமைப் புரதத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஓமோன் வந்தால் ஜாஸ் புரதத்துக்கு அழிவு முத்திரை குத்தப்படுகிறது. கலத்தின் கழிவகற்றும் பொறி அதைத் துண்டு துண்டாக்கிவிடுகிறது. மிக்2 விடுபட்டு, பாதுகாப்புக்குரிய பரம்பரையலகுகளைத் தூண்டுகிறது. 2007 இல் இந்த ஜாஸ் புரதங்கள் கண்டுபிடிக்கப்பட்டபோதுதான் கதையின் நடுப்பக்கம் கிடைத்தது. கடைசிப் பக்கம் அதற்கு வெகு காலம் முன்பே தெரிந்திருந்தது. 1972 இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிரீனும் ரையனும், வண்டு கடித்த உருளைக்கிழங்கு, தக்காளிச் செடிகளின் கடிபடாத இலைகளிலும், பூச்சியின் குடலில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் சேர்வதைக் காட்டியிருந்தார்கள். கடித்த பூச்சிக்குத் தின்றது செரிக்காது. அதன் வளர்ச்சி குன்றும்.

பாடநூல்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகின்றன. எனக்கு அரிதாகத் தெரிவது இதற்குப் பிறகு நடப்பதுதான். பாதுகாப்பு இலவசமாக வருவதில்லை. இலையில் செய்த வெல்லமும் வேரில் எடுத்த நைதரசனும் துளிருக்கும் பூவுக்கும் போவதற்குப் பதிலாகக் கசப்புப் பொருட்களுக்கும் தடுப்புப் புரதங்களுக்கும் போகின்றன. ஆகவே, எழுப்பியதை அடக்கியே ஆக வேண்டும். காயம் பட்ட அராபிடொப்சிஸ் இலையில் அந்த ஓமோன் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் உச்சத்துக்குப் போய், அடுத்த சில மணித்தியாலங்களில் இறங்கிவிடுகிறது. அது தானாகக் கரைந்து போவதில்லை. செடி அதை முயன்று அழிக்கிறது, அதுவும் பல வழிகளில்.

விடுதலையான மிக்2 தூண்டும் முதல் பரம்பரையலகுகளில் ஜாஸ் புரதங்களுக்குரியவையும் இருக்கின்றன. தன்னைக் கட்டி வைத்திருந்த கயிற்றையே அது மறுபடியும் திரிக்கச் சொல்கிறது. தீ மூட்டியவனே மற்றக் கையில் தண்ணீர்க் குடத்தையும் கொண்டு வருவது போன்ற ஏற்பாடு இது. புதிதாக வரும் ஜாஸ் புரதங்களில் சில, அழிவு முத்திரை குத்துவதற்குரிய பிடியே இல்லாமல் உருவாகின்றன. ஒரே பரம்பரையலகின் செய்தியை வேறு விதமாக வெட்டி ஒட்டி இந்தக் குட்டை வடிவத்தைக் கலம் செய்துகொள்கிறது. ஓமோன் இன்னும் மிச்சம் இருந்தாலும் இவை எளிதில் அழிவதில்லை; மிக்2ஐப் பிடித்து உட்கார்த்திவிடுகின்றன.

அதே நேரத்தில் ஓமோனின் மீதே கை வைக்கிறார்கள் இன்னொரு கூட்டத்தார். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2011 இல் அடையாளம் கண்ட நொதியம் ஒன்று, ஓமோனின் வால் நுனியில் ஒட்சிசனை ஏற்றுகிறது. அதனால் அதன் வலு குறைகிறது. அடுத்த ஆண்டில் விவரிக்கப்பட்ட அதன் உறவுக்கார நொதியம் அந்த வாலை மேலும் ஒட்சியேற்றி, ஓமோனை ஏறத்தாழச் செயலற்றதாக்கிவிடுகிறது. வேறு நொதியங்கள் கோத்த ஐசோலியூசினைக் கழற்றி எடுக்கின்றன. 2017 இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் இன்னும் ஒரு படி முன்னால் போய், ஐசோலியூசின் கோக்கப்படும் முன்பே ஜஸ்மோனிக் அமிலத்தை மடக்கிப் பிடிக்கும் நான்கு நொதியங்களைக் காட்டின. அவை நான்கும் இல்லாத செடியைப் புழுக்களாலும் சாம்பல் பூஞ்சையாலும் எளிதில் கெடுக்க முடியவில்லை. ஆனால் செடி சிறுத்துப் போயிற்று.

தக்காளி பயிரிடுபவர்களுக்கு 2019 இல் வந்த செய்தி சுவையானது. தக்காளியில் மிக்2 தானே மூன்று புரதங்களை உண்டாக்குகிறது. அவை மிக்2 அமரும் அதே இடங்களில் போய் அமர்ந்து, அதன் துணைப் புரதத்தையும் தட்டிப் பறித்து, வேலையை நிறுத்திவிடுகின்றன. தொடங்கி வைத்த புரதமே முடித்து வைப்பவர்களையும் நியமிக்கிறது. வருத்தம் தீராத பிள்ளையைப் பார்த்துப் பழகிய எனக்கு, இத்தனை மாற்று ஏற்பாடுகளுடன் ஓர் உயிர் தன்னைத் தணித்துக்கொள்வது வியப்பாகவே இருக்கிறது. ஒன்று தவறினால் இன்னொன்று. எதையும் செடி ஒற்றை நம்பிக்கையில் விட்டு வைக்கவில்லை.

தணிக்க முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் செய்தே பார்த்திருக்கிறார்கள். அராபிடொப்சிஸில் ஜாஸ் வகைகள் 13. அவற்றில் பத்தை நீக்கிய செடியை மிச்சிகனில் உருவாக்கி, 2018 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். புழுவுக்கும் பூஞ்சைக்கும் அந்தச் செடி நன்றாக நின்று பிடித்தது. ஆனால் வளர்ச்சி மந்தம், வெல்லப் பஞ்சம், விதை குறைவு. எதிரியே இல்லாத கண்ணாடி அறைக்குள் எப்போதும் போருக்கு நின்று, அதனால் பட்டினி கிடந்தது.

இப்போது எங்கள் வளவுக்கு வருகிறேன். அராபிடொப்சிஸின் இலைகளைத் திரும்பத் திரும்பக் காயப்படுத்தி 2008 இல் செய்த ஆய்வொன்று இருக்கிறது. செடியின் வளர்ச்சி பாதியாகக் குறைந்தது. உள்ளே ஜஸ்மோனேற்றின் அளவு ஏழு மடங்காகக் கூடியது. கலங்கள் சிறுத்ததால் இந்தக் குறுக்கம் வரவில்லை. கலப்பிரிவு தடைப்பட்டு, கலங்களின் எண்ணிக்கையே குறைந்துவிட்டது. இந்த ஓமோனைச் செய்யவோ உணரவோ முடியாத செடிகளை அதே மாதிரிக் காயப்படுத்தினாலும் அவை குறுகவில்லை. ஆகவே குறுக வைத்தது காயத்தால் வந்த இழப்பு மட்டும் என்று சொல்ல முடியாது. அடங்க நேரம் கிடைக்காத ஓமோனின் வேலை அது. போன்சாய் மரம் குட்டையாக நிற்பதற்கும் இதையே ஒரு விளக்கமாக அந்த ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், ஐயாவின் பழக்கங்கள் ஒவ்வொன்றும் அர்த்தம் பெறுகின்றன. ஒரு செடிக்குரிய வெட்டு முழுவதையும் அவர் ஒரே காலையில் முடித்துவிடுவார். இன்றைக்குப் பாதி, அடுத்த கிழமை மீதி என்ற பேச்சே இல்லை. செடி ஒருமுறை அதிர்கிறது, ஒருமுறை அடங்குகிறது, பிறகு துளிர்க்கத் தொடங்குகிறது. பக்கத்து வீட்டு மாமி, மல்லிகையை வெட்டி இரண்டு கிழமைக்குள், ஒரு பக்கம் கொஞ்சம் உயர்ந்து நிற்கிறது என்று மறுபடியும் கூப்பிட்டார். வந்து பார்த்துவிட்டு ஐயா கத்தரிக்கோலைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. “அம்மா, அது இப்போதுதான் துளிர் விட மனம் வைத்திருக்கிறது. மறுபடியும் கத்தி வைத்தால் பயந்துவிடும். பூத்து முடியட்டும், பிறகு பார்ப்போம்” என்றார். வந்த கூலியையும் வாங்கவில்லை. காசு வரும் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போகிறவரை நான் நம்புகிறேன்.

தம்பியிடம் ஜாஸ் புரதத்தைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். கவனமாகக் கேட்டார். “ரீச்சர், அப்பா இதைச் ‘சூடு ஆறட்டும்’ என்று சொல்வார்” என்றார். அவர்களுடைய குடும்பத்தில் மூன்று தலைமுறையாகத் தோட்ட வேலை. அந்தச் சொல்லும் அந்த வழியில்தான் வந்திருக்க வேண்டும்.

எங்கள் ஊருக்கு இது புதிய அறிவும் இல்லை. என் தகப்பனார் நீர்வேலியில் புகையிலை செய்தவர். பூ எடுக்கும் தறுவாயில் செடியின் தலையை ஒரே முறையில் கிள்ளி எறிவார்கள். இலை தடிக்கும், காரம் ஏறும். அந்தக் காரம் நிக்கொட்டின். அதைச் செடி வேரில் செய்து இலைக்கு ஏற்றுகிறது. வேருக்கு அந்த உத்தரவைக் கொண்டு போவதில் ஜஸ்மோனேற்றுக்குப் பங்கு உண்டு. புகையிலைக்காரனுக்குச் செடியின் கோபம் வேண்டும், இலைக்குத்தான் விலை. மல்லிகைக்காரிக்கும் மாங்காய்க்காரிக்கும் அது தணிய வேண்டும், பூவும் பிஞ்சும் வர வேண்டும். எந்தச் செடியில் எது வேண்டும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த சந்ததி நம்முடையது.

இங்கே இன்னொரு சேவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாத ஒப்பந்தம் போட்டு, கிழமைக்கு ஒரு முறை இயந்திரத்தோடு வந்து வேலியை நேர்க்கோட்டில் சீவிவிட்டுப் போகிறவர்கள் இப்போது நகரத்தில் இருக்கிறார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுச் செவ்வரத்தை வேலியை அவர்கள் ஏறத்தாழ ஓர் ஆண்டாகச் சீவுகிறார்கள். வேலி பலகை போல நிற்கிறது. பூ இல்லை. மொட்டு கொப்பு நுனியில் வருவதால் அது சீவலோடு போய்விடுகிறது என்பது ஒரு காரணம். அதற்கு மேல், இலைகளும் சிறுத்து, கணுக்களுக்கு இடையிலான தூரமும் குறைந்து, செடியே ஒடுங்கிவிட்டது. விடியற்காலையில் பூப்பறிக்கப் பைகளோடு வந்த கோயில்காரர்கள் இப்போது அந்த வாசலில் நிற்பதில்லை. நேரான வேலிதான் வேண்டும் என்பவர்களுக்கு அந்தச் சேவை பொருந்தலாம். பூச்செடி வைத்திருப்பவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

விவசாயப் பொருள் விற்கும் கடைகளில், செடியின் எதிர்ப்புச் சக்தியை எப்போதும் தூண்டி வைக்கும் என்று சொல்லிப் போத்தல்கள் விற்கிறார்கள். பத்து ஜாஸ் இழந்த அந்தச் செடியை நினைத்துக்கொண்டு அதற்குக் காசு கொடுக்க வேண்டுமா என்று தீர்மானியுங்கள். ஐயா எந்தப் போத்தலும் விற்பதில்லை. வாங்கி வைத்திருப்பவர்கள் காட்டினால், அலுமாரியில் இருக்கட்டும் என்று சொல்லிவிடுவார். வெட்டிய செடிக்கு அஸ்பிரின் கரைத்து ஊற்றும் பழக்கமும் சில வீடுகளில் பரவியிருக்கிறது. தக்காளி இலையில் காயத்துக்குரிய எதிர்வினையை அஸ்பிரின் தடுக்கும் என்பது 1988 இலேயே ஆய்வில் வெளிவந்தது. செடி தன் காயத்தை உணர்ந்து, எழுந்து, பிறகு தானே அடங்க வேண்டும். எழும் முன்பே வாயைப் பொத்தினால், அந்த நேரம் பார்த்து வரும் புழுவுக்கு நாமே இலை போட்டு விருந்து வைத்ததாகிவிடும்.

பலன் எப்படி என்று கேட்பீர்கள். தை மாதத்தில், மழை ஓய்ந்து மண் ஈரமாக இருக்கும்போது மல்லிகையை வெட்டினார்கள். பங்குனியில் கொடி முழுவதும் புதுக்கொப்பு. சித்திரையில் மாலை நேரம் பறித்து முடியவில்லை. தேசியில் உள்ளே நெருங்கிக் கிடந்த முட்கொப்புகளை எடுத்துவிட்டு வெளிச்சம் உள்ளே விழுமாறு செய்தார்கள். புதுத் துளிரில் வழக்கமாக வரும் பச்சைப் புழுக்கள் இந்த முறையும் வந்தன. சில இலைகளைத் தின்றுவிட்டுப் போயின, காய்ப்பில் குறைவில்லை. கறுத்தக் கொழும்பானைப் பழம் முடிந்த கையோடு திறந்துவிட்டார்கள். தடித்த கொப்பு அறுத்த இடத்தில் மட்டும் துருசும் சுண்ணாம்பும் குழைத்த நீலப் பசையைப் பூசினார்கள். மெல்லிய வெட்டுகளுக்கு எதையும் பூசவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

குறைகளும் இருக்கின்றன. வெட்டிய கொப்புகளை அவர்கள் கொண்டு போவதில்லை; வேலியோரம் குவித்துவிட்டுப் போவார்கள், அப்புறப்படுத்துவது உங்கள் பாடு. உயரமான மரத்துக்கு ஏணி நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும். தென்னை, பனைப் பக்கம் போக மாட்டார்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் 25 நாட்களும் வேலைக்கு வருவதில்லை. பற்றுச்சீட்டு தருவதில்லை, அலுவலகக் கணக்குக்குக் கூப்பிடுபவர்களுக்கு இது தொல்லை. ஐயா கேட்டாலொழியப் பேசமாட்டார். எதற்காக இந்தக் கொப்பை எடுத்தீர்கள், அதை விட்டீர்கள் என்று நாமே வாயைத் திறந்து கேட்க வேண்டும். கேட்டால் பொறுமையாகக் காட்டித் தருவார். இளம் வீட்டுக்காரர்கள் பக்கத்தில் நின்று கேட்பது நல்லது, அடுத்த ஆண்டில் சின்னச் செடிகளைத் தாங்களே செய்துகொள்ளலாம்.

கூலி, அரை நாளுக்கு இருவருக்கும் சேர்த்து 6,000 ரூபா வாங்கினார்கள். சாதாரண நாட்கூலியோடு ஒப்பிட்டால் அதிகம்தான். ஆனால் என் வளவு முழுவதும் அந்த அரை நாளில் முடிந்துவிட்டது, பிறகு அந்தப் பருவம் முழுவதும் வேறு செலவில்லை. கிழமைக்கு ஒரு முறை வந்து சீவுகிறவர்களுக்கு ஆண்டு முழுவதும் கொடுக்கும் தொகையோடு வைத்துப் பார்த்தால் இது மலிவு. தேநீரும் வேலை முடிவில் ஒரு சாப்பாடும் கொடுத்தால் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்வார்கள்.

மல்லிகைக்கு என்றால் மார்கழி நடுப்பகுதியிலேயே சொல்லி வையுங்கள். தை பிறந்ததும் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். மாமரத்துக்குப் பழம் முடியும் தறுவாயில் சொல்ல வேண்டும், மழைக்கு முன் வெட்டு காய்ந்துவிடும். கொக்குவில் சந்தி மரக்கறிக் கடைகளில் விசாரித்தால் ஆளைக் காட்டிவிடுவார்கள். அவர்கள் வரும் நாளன்று ஆடு வளர்க்கும் அயலவர் ஒருவருக்கும் சொல்லி வையுங்கள். குழை முழுவதையும் மாலைக்குள் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.